வேலம்பாளையத்தில் ஒட்டிய நாலு அம்புக்குறி

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கோவையிலிருந்து திருப்பூர் போய்வந்தேன். பனியன் வாங்கவா என்று கேட்காதீர்கள். எங்கள் கல்லூரிக் கருத்தரங்குக்கு அஜர்பைஜானிலிருந்து வந்த செவில் அம்மாவுக்கு ஒருநாள் மிச்சமிருந்தது. வயது எழுபது. பள்ளிக் காலத்தில் பருத்தி பறித்தவர். பறித்த பஞ்சு கடைசியில் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். மருதமலைக்குப் போகலாம் என்ற என் திட்டம் அதோடு போச்சு.

காலை 7.40க்கு ரயில். ஐம்பது கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். வழியெல்லாம் அவர் அப்பா நாதிரைப் பற்றித்தான் பேச்சு. கிராமத்துப் பள்ளி ஆசிரியர், இலக்கிய ஆய்வாளர். பருத்திக் காட்டில் பெண்கள் பாடிய நாலடிப் பாட்டுகளை ஒரு நோட்டில் எழுதி, அதை வைத்தே பிள்ளைகளுக்கு இலக்கியம் சொல்லித் தந்தவர். அதில் ஒன்று மேற்பார்வையாளரை ஏசும் பாட்டு. அது சோவியத் ஆட்சிக் காலம்; அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லி மேலிடம் மிரட்டியது. மறுநாள் பக்கம் இல்லை. பயந்து எரித்துவிட்டார் என்று ஊரே பேசியது. மகள் கேட்டபோது, "பத்திரமாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னாராம். மகள் நம்பவில்லை. அந்த வருஷமே அவர் இறந்துவிட்டார். மகளுக்குப் பதினைந்து வயது.

இப்போது அப்பாவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதுகிறார். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. "கோழை என்று எழுதக் கை வரவில்லை. பொய் எழுதவும் முடியாது" என்றார். துணி அட்டை போட்ட அந்த நோட்டு கைப்பையிலேயே இருந்தது.

ஸ்டேஷனிலிருந்து வேலம்பாளையத்துக்கு ஆட்டோக்காரர் 250 ரூபாய் கேட்டார், 200க்கு வந்தார்.

"எக்ஸ்போர்ட் ஆர்டருங்களா?"

"இல்லைங்க, இலக்கியம்."

"அதுக்கு எதுக்குங்க திருப்பூரு?" என்றார். 

என் சித்தப்பா மகன் ரவியின் பனியன் கம்பெனி அங்கேதான், சின்னது. செவில் அம்மா நோட்டை, துணியைச் சோதிக்கும் செக்கிங் மேசையில் வைத்துவிட்டு, ரவியோடு துணி பின்னும் நிட்டிங் மெஷின் பார்க்கப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கால் மணி கழித்து வந்தால், நோட்டு அட்டையில் நாலு அம்புக்குறி ஸ்டிக்கர்! துணியில் பழுது இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவது.  செக்கர் சாந்தாமணியிடம் கத்தியே விட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க்கா. மேசைக்கு வந்தா கை தானா ஒட்டிப்போடுதுங்க" என்றார். பிறகு ஒரு அம்பைத் தொட்டார். "மத்த மூணும் கறைங்க. இது அப்படி இல்லீங்க. அட்டையில இந்த ஓரம் மட்டும் பிரிச்சு, திரும்பத் தெச்சிருக்குது. நூலே வேற. தெச்சவங்களுக்குத் தைக்கவே தெரியாதுங்க. உள்ளுக்கு என்னமோ இருக்குது."

ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னேன். "அப்பாவுக்குப் பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது" என்று முணுமுணுத்தார் செவில் அம்மா. பிறகு, பிரிக்கலாம் என்று தலையசைத்தார்.

சாந்தாமணி நூல் வெட்டும் டிரிம்மரால் எட்டுத் தையலை வெட்டினார். நாலாக மடித்த தாள் ஒன்று வந்தது. அப்பாவின் கையெழுத்து, காணாமல்போன அதே பக்கம். செவில் அம்மா ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

*பஞ்சு வெள்ளை, என் விரல் சிவப்பு;*
*தராசு உன்னுடையது, முதுகு என்னுடையது.*
*நிழலில் நிற்பவனே, ஒருநாள் குனிந்து பார்,*
*மண் எவ்வளவு தூரமென்று தெரியும்.*

"இது நம்மளுக்கும் பொருந்துமுங்க" என்றார் சாந்தாமணி. ரவி செல்போனைப் பார்த்துக்கொண்டான். செவில் அம்மா துணி பண்டல்மேல் உட்கார்ந்து அழுதார். "பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது. நான்தான் நம்பவில்லை" என்றார். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

அட்டையை மெஷினில் தைத்துத் தரட்டுமா என்று சாந்தாமணி கேட்டதற்குச் செவில் அம்மா வேண்டாம் என்றுவிட்டார். திரும்பும் ரயிலில் மூன்று அம்புகளை உரித்தார். நாலாவதை விட்டுவிட்டார். கடைசி அத்தியாயத்தை இனி எழுத முடியுமாம்.

போக நினைப்பவர்களுக்கு: தெரிந்தவர் மூலம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், ஞாயிறு வேண்டாம், கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். செக்கிங் மேசையில் சொந்தப் பொருள் எதையும் வைக்காதீர்கள் என்றும் எழுதியிருந்தேன். செவில் அம்மா அந்த வரியை எடுத்துவிடச் சொல்கிறார்.