புளியமரத்தைத் தாண்டி

காக்கிச் சட்டை என்றால் எனக்குப் பைத்தியம். கொல்லிமலையில் எங்கள் திண்ணனூர் நாட்டு ஒற்றையடிப் பாதைகளில் வனக்காவலராக நடக்க வேண்டும். மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு நடக்கிற அதே பாதையில், மூட்டை இல்லாமல், காக்கி போட்டுக்கொண்டு, கையில் ஒரு கம்போடு.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். மீதி இருந்தது நடைத் தேர்வு. நான்கு மணி நேரத்தில் பதினாறு கிலோமீட்டர், அதுவும் மலைக்குக் கீழே, மேடு பள்ளமில்லாத தார் ரோட்டில். "ப்பூ, இவ்வளவுதானா!" என்றேன். கொல்லிமலைக்காரிக்கு நடக்கச் சொல்லித்தர வந்துவிட்டார்களாம். ஒரே திமிர்.

போதாததற்குச் செல்போனில் ஒரு வீடியோ கிடைத்தது. ஜெயித்துவிட்டதாகவே தினமும் கண்ணை மூடிக் கற்பனை செய்யுங்கள், உடம்பு பின்னாலேயே வந்துவிடும் என்றார் அதில் பேசியவர். பிடித்துக்கொண்டேன். காலையில் கண்ணை மூடுவேன். பனி இறங்கியிருக்கும். எல்லைக் கோட்டைத் தாண்டுவேன். அதிகாரி நோட்டில் எழுதிவிட்டு, நிமிர்ந்து பார்த்து, "பாஸ்" என்பார். அடுத்த நொடி என் மேல் காக்கி ஏறியிருக்கும். இத்தனையும் முடிந்த பிறகு, சில நாள் எழுந்து நடக்கவே சோம்பலாக இருக்கும். அதுதான் ஜெயித்தாகிவிட்டதே!

என் வீட்டுக்காரர் மிளகு பறித்துக்கொண்டே கேலி செய்வார்.

"ஏம்புள்ள, கண்ணத் தொறந்துக்கிட்டு நடந்தாத்தான் ஊரு போய்ச் சேர முடியும்."

"உங்க சோலியப் பாருங்க மாமா" என்பேன்.

தேர்வன்று பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. மலைக்காற்றிலேயே வளர்ந்த உடம்பு அதை எங்கே கண்டது? புது ஷூ குதிகாலைக் கடித்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் வரை தாக்குப்பிடித்தேன். அப்புறம் தலை சுற்றியது. ரோட்டோரம் ஒரு புளியமரம். ரெண்டே நிமிடம் என்று உட்கார்ந்தேன். தெம்பு வரட்டும் என்று கண்ணை மூடி அந்தக் கற்பனைப் படத்தைக் கூப்பிட்டேன். பனி, கோடு, அதிகாரி, காக்கி எல்லாம் வரிசையாக வந்தன. அத்தனை சுகமாக இருந்தது. அப்படியே தூங்கிப்போனேன்.

தண்ணீர் கொடுத்துக்கொண்டு வந்த ஒரு அம்மா தோளைத் தட்டினார். "எந்திரி கண்ணு! நேரமாகுதே சாமி!" ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு ஓடினேன். ஒன்பது நிமிடம் தாமதம். அதிகாரி நோட்டை மூடிவிட்டிருந்தார்.

ஒரு வாரம் ஷூவைத் தொடவே இல்லை. அப்புறம் என் மேலேயே கோபம் வந்தது. படத்தை மாற்றினேன். பனியைத் தூக்கிப் போட்டேன். கண்ணை மூடினால் இப்போது வெயில், கொப்புளம், வறண்ட நாக்கு, அந்தப் புளியமரம். நிழலைப் பார்த்தும் உட்காராமல் தாண்டிப் போகிற என் கால்கள். அதோடு நிறுத்திவிடுவேன். காக்கியை எனக்கு நானே காட்டவே மாட்டேன். வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்து மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கி, உச்சி வெயிலில் நடந்தேன். "இந்த வேகாத வெயில்ல எங்கீங்க போறீங்க?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "சும்மாங்க" என்பேன். வேறென்ன சொல்ல?

அடுத்த அறிவிப்பு வந்தபோது எனக்கு வயது வரம்பு தாண்டி மூன்று மாதமாகியிருந்தது. பிறந்த தேதியை நாலு முறை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று மாதம்தான்.

மறுநாள் காலை ஷூவை மாட்டினேன். "விட்டுரு புள்ள" என்பாரோ என்று பயந்தேன். வீட்டுக்காரரோ மொபெட்டை எடுத்தார். தேர்வு நடந்த அதே ரோட்டுக்குப் போனோம். நான் நடந்தேன், அவர் செல்போனில் நேரம் வைத்துக்கொண்டு பின்னாலேயே வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். புளியமரம் வந்தது. நிழல் குளுகுளுவென்று கிடந்தது. கால் ஒரு கணம் தயங்கியது, உண்மைதான். தாண்டிப் போனேன்.

கோடு போட்டிருந்த இடத்தில் இப்போது ஒரு மைல்கல் மட்டும் இருந்தது. அவர் வண்டியை நிறுத்திச் செல்போனைப் பார்த்தார்.

"இருவது நிமிசம் மிச்சம்" என்றார். அப்புறம், அதிகாரி மாதிரி முகத்தை இறுக்கிக்கொண்டு, "பாஸ்" என்றார்.

மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். "ஒரே ஒரு நாள் அந்தக் காக்கியப் போட்டுருக்கோணும் மாமா" என்றேன். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தார்.