வற்றிக்கொண்டே வந்த பணம்

காலை பத்து இருபதுக்குப் பணம் முதல் தடவையாகக் குறைந்தது. ஊர்காவற்றுறை வங்கியின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு திரும்ப வேண்டிய அனலைதீவு வள்ளம் பதினொன்றுக்குப் போய்விடும்.

போர்நிறுத்தம் வந்த பிறகு, கடலடிக்குச் சுழியோடுகிறவர்களிடம் கடலட்டை வாங்கி, அவித்துக் காயவைத்து, வெளிநாட்டு வியாபாரி ஒருவருக்கு அனுப்பிவந்தேன். சாக்குகளை நிறுப்பதும் துறைக்குக் கொண்டுபோவதும் மகள். அன்று பில்லில் எழுதிய டொலரைவிடக் குறைவாகவே கணக்கில் விழுந்திருந்தது.

"எங்களுக்கு வந்தது இவ்வளவுதான் அக்கா. நடுவிலை என்ன நடந்ததெண்டு தெரியாது," என்றார் வங்கிக்காரர்.

தொலைபேசிக் கடையிலிருந்து வியாபாரிக்கு எடுத்தேன். "நான் முழுக்க அனுப்பினனான்," என்றார்.

நான் நம்பவில்லை. அட்டைத் தொழிலில் குறைவென்றால் ஈரம்தான். காயாத அட்டை வழியில் வற்றும். அந்த எடைக் குறைவுக்காக அவர் சத்தமில்லாமல் பணத்தை வெட்டுகிறார் என்று நினைத்து மகளை ஏசினேன்.

"காய்ஞ்சதைத்தான் நிறுத்தனான் அம்மா."

"அப்ப மிச்சத்தை மீன் திண்டதோ?"

"வங்கியிலை கேளுங்கோ. மீனுக்கு அங்கை வேலையில்லை."

அடுத்த தடவை மூன்று நாள் கூடுதலாகக் காயவைத்தோம். அட்டைகள் கல்லாகின, காற்றடித்தால் பாயின்மேல் விரல்கள் தட்டுவதுபோலச் சத்தம் கேட்டது. பணம் இன்னும் குறைந்தது. பிறகு வேறோர் அளவில் குறைந்தது. முற்றத்தில் எங்கள் இருவரையும் தவிர யாருமில்லை. ஆனாலும் யாரோ நின்று எடுப்பதுபோலவே இருந்தது. வெறும் தராசுத் தட்டு தானாக ஆடினால் முற்றத்தைச் சுற்றிப் பார்ப்பேன்.

மகள் கட்டிய சாக்கை அவளுக்குத் தெரியாமல் அவிழ்த்து நிறுத்துப் பார்த்தேன். எடை சரியாக இருந்தது. அது இன்னும் பயமூட்டியது.

"துறையிலை அட்டையை எடுத்து ஆருக்குக் குடுக்கிறாய்?" என்று கேட்டுவிட்டேன்.

மறுநாள் அவள் சரவணை ஊரிலிருந்த என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏழு மாதம் கழித்து வியாபாரி ஒரு தாள் அனுப்பினார். வியாபாரப் பணம் எல்லை தாண்டும்போது எங்கே, எவ்வளவு வெட்டுப்படும் என்பதை வங்கிகள் முன்கூட்டியே எழுதித் தரவேண்டுமென்று அவருடைய நாட்டில் விதி வந்திருந்தது. அனுப்பும் வங்கி, நடுவில் இரண்டு வங்கிகள், டொலரை ரூபாயாக மாற்றும் விலை: ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தொகை. அந்த நடு வங்கிகள் இருந்த ஊர்களின் பெயரையே நான் கேட்டதில்லை. தொகைகளைக் கூட்டினேன். அதுவரை வந்த குறைவுகளெல்லாம் அதற்குள் அடங்கின.

தாளைச் சரவணையிலிருந்த மகளுக்கு அனுப்பினேன். கூட ஒரு வரி எழுதக் கை வரவில்லை.

ஞாயிறு வள்ளத்தில் மகள் வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. தராசடிக்குப் போய், ஆடிக்கொண்டிருந்த தட்டைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"இனி நீங்களே நிறுங்கோ அம்மா," என்றாள். "நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."