சுழி பார்த்து வாங்கிய கித்தார்

கித்தாரின் முதுகைத் தடவி, கழுத்தைத் திருப்பி, வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, குழிக்குள் மூக்கை விட்டு மோப்பம் பிடிக்கிறார் ராக்கப்பன். கச்சேரிக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் இது நடக்கும். "வாசம் சரியா இருக்கு" என்று அவர் சொன்ன பிறகுதான் அது உறைக்குள் போகும். பார்க்கிறவர்களுக்கு இவர் இசைக் கலைஞரா, மாட்டுத் தரகரா என்று சந்தேகம் வந்தால் அது அவர்கள் குற்றமில்லை.

சாயல்குடிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் நாலு ஏக்கர் மிளகாய், கொஞ்சம் பருத்தி. வயது ஐம்பத்து மூன்று. இருபத்தேழு வருடமாக மூக்கையூர் இமானுவேலின் இன்னிசைக் குழுவில் கித்தார் வாசிக்கிறார். மேடையின் இடது ஓரத்து நாற்காலி அவருடையது. வேறு யாராவது அதில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

கித்தாரை மதுரையில் வாங்கினார். கடைக்காரர் சுருதி கூட்டி வாசித்துக் காட்ட, இவர் பலகையில் சுழி தேடிக்கொண்டிருந்தாராம். மாட்டின் நெற்றியிலும் முதுகிலும் மயிர் சுழித்திருக்கும் விதத்தைப் பார்த்து, இது குடும்பத்துக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்வது அந்தப் பக்கத்து விவசாயச் சம்சாரிகளின் வழக்கம். மரத்தின் ரேகையிலும் அந்தச் சுழிகள் உண்டு என்பது ராக்கப்பனின் சொந்தக் கண்டுபிடிப்பு. பதினோரு கித்தார்களை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாவதில் கோபுரச் சுழியைக் கண்டார். "அன்னைக்கே சொன்னேன், இது நின்னு வாசிக்கும்னு" என்பார். அவர் தொழுவத்தில் மாடு இல்லாமல் போய்ப் பத்து வருடமாகிறது என்பதை மட்டும் சொல்லமாட்டார். உழவுக்கு வாடகை டிராக்டர் வருகிறது. அதற்குச் சுழி பார்த்ததாகத் தகவல் இல்லை.

கடற்கரை ஊரில் கச்சேரி என்றால் உப்புக் காற்று பட்டு அந்தக் கித்தாரின் சுருதி நழுவிவிடும். இரண்டு பாட்டுக்கு நடுவில் ராக்கப்பன் கம்பியை முறுக்கி முடிப்பதற்குள் ஒரு பந்தி சாப்பிட்டு எழுந்துவிடும். கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"மரம்னா மூச்சு விடும் தம்பி. மூச்சு விட்டா ஏறும், எறங்கும். பொணந்தான் ஏறாம எறங்காம கெடக்கும்."

இதற்கு மேல் யாரும் வாயைத் திறப்பதில்லை. பிணத்தின் பக்கம் யார் பேசுவார்கள்?

போன ஆடியில் இமானுவேல் ஒரு டிஜிட்டல் கித்தாரை வாங்கி வந்தான். குழுவுக்கு அவன்தான் முதலாளி, கீபோர்டு, வேன் டிரைவர் எல்லாம். ஒத்திகைக் கொட்டகையில் அதை வெளியே எடுத்தபோது அவன் முகத்தில் புது மாப்பிள்ளைக் களை.

"அண்ணே, இதுக்குள்ள இருபத்தஞ்சு கித்தாரு இருக்கு. இந்தத் திருகைத் திருப்புனா ஒவ்வொண்ணா வரும். பன்னெண்டு கம்பிக் கித்தாரு வேணுமா, வரும். பழைய மரக் கித்தாரு வேணுமா, அதுவும் வரும். எந்தக் காத்துக்கும் சுருதி நகராது."

"சார்ஜ் போட்டு வாசிக்கிறதுக்கு இது என்ன செல்லா?" என்று கேட்டுக்கொண்டே ராக்கப்பன் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். ஒரு நிமிடம் பார்த்தார். முகம் சுருங்கியது. "இமானுவேலு, இதை இன்னைக்கே திருப்பிக் குடுத்துரு. இங்கன பாரு, எறங்குபூரான் கெடக்கு."

பூரான் ஊர்வதுபோல மேல்நோக்கிப் போகிற சுழி ஏறுபூரான், வீட்டை உயர்த்தும். கீழ்நோக்கி வருவது இறங்குபூரான், இருப்பதையும் இறக்கிவிடும். தாளம் வாசிக்கிற காஜா நவாஸ் கித்தாரை வாங்கித் தலைகீழாகப் பிடித்தான்.

"இப்பப் பாருங்க மாமா. ஏறுபூரான்."

"அண்ணே, அது மரமே இல்ல" என்றான் இமானுவேல். "மரம் மாதிரி அச்சடிச்ச தாளை ஒட்டியிருக்கான்."

ராக்கப்பன் அசரவில்லை. "அச்சடிச்சவன் நல்ல சுழியாப் பாத்து அடிச்சிருக்கலாம்ல?"

இத்தனைக்கும் அந்தக் குழுவில் மரமென்று மிச்சம் இருந்தவை அவர் கித்தாரும் நாற்காலிகளும்தான். காஜா நவாஸின் தவிலும் டோலக்கும் எப்போதோ ஒரு மின்சார ரப்பர் தட்டுக்குள் போய்விட்டன. முப்பது பேர் வாசிக்க வேண்டிய வயலினை இமானுவேல் கீபோர்டில் இடது கையால் வாசிக்கிறான். அதையெல்லாம் ராக்கப்பன் "வசதியா இருக்குல்ல" என்று தலையாட்டி ஏற்றுக்கொண்டவர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இமானுவேல் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தான். மாரியூரில் ஒரு காதுகுத்து. தாய்மாமன் சின்னக்கருப்பன் தடபுடலாகச் செய்கிறார். போன தடவை அந்த ஊர் மண்டபத்தில் சுருதி சேராமல் ஜனங்கள் விசிலடித்தது அவன் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. "நீங்க இதை வாசிங்கண்ணே. இல்லைன்னா பரமக்குடியில ஒருத்தன் இருக்கான், அவனை வரச் சொல்ல வேண்டியிருக்கும்."

இடது ஓரத்து நாற்காலியில் பரமக்குடிக்காரன். ராக்கப்பனுக்குக் காது சூடாகிவிட்டது.

"ஏலே இமானுவேலு, ஒரு திரையக் கட்டு. பின்னாடி நின்னு காஜா ரெண்டையும் மாத்தி மாத்திப் பத்துத் தடவை வாசிக்கட்டும். எது மரம், எது தாளுன்னு நான் சொல்றேன். ஒண்ணு தப்புனாலும் நானே எந்திரிச்சுப் போறேன். பத்தும் சரியாயிருந்தா அதைப் பெட்டியில போட்டு மூடு. என்ன?"

வீட்டில் முருகலட்சுமி இதைக் கேட்டுவிட்டு மிளகாய் காம்பு கிள்ளுவதை நிறுத்தினாள். "ஏங்க, நான் அடுப்படியில இருந்து கூப்பிட்டா ஒங்களுக்குக் கேக்கறதில்ல. இதுல பந்தயம் வேறயா?" அது வேறு காது என்று அவர் விளக்கியிருக்கிறார்.

மறுநாள் சாயங்காலம் கொட்டகையில் கயிறு கட்டி, இமானுவேலின் மனைவி மாலதியின் சேலை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். இரண்டு கித்தாரும் ஒரே ஒலிபெருக்கியில் சத்தம் வரும்படி இணைப்பு. காஜா நவாஸுக்குக் கித்தாரும் கொஞ்சம் கை வரும்; அவன் சேலைக்குப் பின்னால் போனான். ராக்கப்பன் சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

முதல் வாசிப்பு. கேட்டார். நன்றாக இருந்தது. அவ்வளவுதான். எது என்று தெரியவில்லை. இருபத்தேழு வருடம் மடியில் வைத்திருந்த சத்தம் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் என்று நினைத்திருந்தார். அது யாரோ மாதிரி போனது. "மரம்" என்று குத்துமதிப்பாகச் சொன்னார். சரி என்றான் காஜா. இரண்டாவது வாசிப்பிலும் அதே கதி. இன்னும் உன்னிப்பாகக் கேட்டார். மூச்சைத் தேடினார், ஈரத்தைத் தேடினார். கம்பிச் சத்தம்தான் கேட்டது. பயந்துபோய்க் கண்ணைத் திறந்தார்.

சேலை தரையைத் தொடவில்லை. ஒரு சாண் இடைவெளி. அதில் காஜா நவாஸின் இரண்டு பாதங்கள். இப்போது இரண்டும் தரையில் இருந்தன. ராக்கப்பனின் பருத்த கித்தாரை எடுத்தால் காஜா வலது காலைப் பக்கத்தில் கிடந்த செங்கல் மேல் தூக்கி வைத்துத் தொடையில் தாங்க வேண்டும். மெலிந்த டிஜிட்டலுக்கு அது வேண்டியதில்லை. மாடு வாங்கப் போகிறவன் குளம்பைப் பார்க்கத் தவறுவானா?

"தாளு" என்றார் ராக்கப்பன்.

அதற்குப் பிறகு கண்ணைப் பாதி மூடி, தலையை ஆட்டி, சில தடவை "இரு இரு, இன்னொருக்கா" என்று கேட்டு, மிச்சம் எட்டையும் சொன்னார். பத்துக்குப் பத்து. இமானுவேல் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, இது காது இல்லண்ணே, வரம்!" அவன் கண் கலங்கியே விட்டது. காஜா நவாஸ் சேலையை விலக்கிக்கொண்டு வந்து காலில் விழாத குறை. டிஜிட்டல் கித்தார் பெட்டிக்குள் போனது.

ராக்கப்பன் வண்டியை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். முருகலட்சுமி சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னாச்சு?"

"செயிச்சுட்டேன்."

"செயிச்சுட்டு வந்தவுக மூஞ்சியா இது?"

ராக்கப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நாற்காலி கிடைத்துவிட்டது. எதைச் சொல்லி அதில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தாரோ அந்த மரத்துச் சத்தம் கைவிட்டுவிட்டது. தோற்றிருந்தால் நாலு பேரைத் திட்டியாவது ஆறியிருக்கலாம். ஜெயித்தவன் யாரிடம் போய் அழுவது? அன்றைக்கு எழுந்து கை கழுவியபோது தட்டில் பாதி சோறு அப்படியே இருந்தது.

இமானுவேல் சும்மா இருக்கவில்லை. பத்துக்குப் பத்து என்ற கதையை சாயல்குடி டீக்கடை முதல் மாரியூர் மீன் ஏலம்வரை பரப்பினான். குழுவுக்கு அது விளம்பரம். காதுகுத்து அன்று மண்டபத்தில் ராக்கப்பனைப் பார்த்து, "இவருதான்யா அந்தக் காதுக்காரரு" என்று பெண்கள்கூடக் கைகாட்டினார்கள். காது குத்தப்பட்ட குழந்தையை யாரும் அவ்வளவு கவனிக்கவில்லை.

காலை பத்து மணி. மூன்று பக்கமும் திறந்த மண்டபத்தில் கடற்காற்று வேட்டியைத் தூக்கியது. முதல் பாட்டு எப்படியோ பிழைத்தது. இரண்டாவது பாட்டில் மூன்றாம் கம்பி இறங்கியது. முறுக்கினார். அதற்குள் முதல் கம்பி இறங்கியது. பந்தியிலிருந்து ஒரு விசில் வந்தது. இமானுவேல் கீபோர்டில் வயலினைக் கூட்டி மூடப் பார்த்தான். அவன் பின்னால் டிஜிட்டல் கித்தாரின் பெட்டி இருந்தது. "சும்மா ஒரு தொணைக்குத்தாண்ணே" என்று வேனில் ஏற்றும்போதே சொல்லியிருந்தான். ஆனால் அதைத் திறக்கச் சொல்லும் தைரியம், பத்துக்குப் பத்து வாங்கியவரிடம், அவனுக்கு இல்லை.

ராக்கப்பன் தன் கித்தாரை உறைக்குள் வைத்தார். தானே எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் டிஜிட்டலை எடுத்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து, இணைப்பைக் குத்தி, திருகை மரக் கித்தாருக்குத் திருப்பினார்.

அடுத்த ஆறு பாட்டும் பளிச்சென்று வந்தன. சுருதி ஓர் இழைகூட நகரவில்லை. நாலாவது பாட்டில் பன்னிரண்டு கம்பிக்குத் திருப்பினார். அவரை அறியாமல் கால் தாளம் போட்டது. காற்றைப் பற்றிக் கவலைப்படாமல் கடற்கரையில் வாசிப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு இருபத்தேழு வருடத்தில் அன்றுதான் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அதுதான் அவமானமாகவும் இருந்தது.

பாட்டு முடிந்ததும் சின்னக்கருப்பன் மேடையேறினார். சரிகைக் கரைத் துண்டை ராக்கப்பனுக்குப் போர்த்தி மைக்கை வாங்கினார்.

"எத்தனை மிசினு வந்தாலும் சரிய்யா, மரத்துச் சத்தம் மரத்துச் சத்தந்தான். மூணாவது பாட்டுலருந்து கேட்டீகளா? மரம் பேசுச்சுய்யா! அந்தக் காதுக்குத்தான் இந்தத் துண்டு!"

கைதட்டல் அடங்க நேரமானது. காஜா நவாஸ் ரப்பர் தட்டைத் துடைக்க ஆரம்பித்தான். இமானுவேல் கீபோர்டில் எதையோ தேடினான்.

ராக்கப்பன் எழுந்து சபையைக் கும்பிட்டார். உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து ஓர் உதறு உதறி, மடியிலிருந்த கித்தாருக்குப் போர்த்திவிட்டார்.