காலாப்பட்டில் ஒரு ‘ஷ்யூர்’

பாண்டியை ஒட்டிய காலாப்பட்டில், டீக்கடை வாசலில் பெரிய பெட்டியோடு ஒரு ஸ்பெயின்காரப் பெண் நிற்கிறாள். சாயங்காலம் சென்னையில் விமானம் ஏற வேண்டும். ஏசி பஸ் இங்கே நிற்குமா என்று கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் கேட்கிறாள்.

“ஷ்யூர், ஷ்யூர்” என்கிறார். டூரிஸ்டுகளிடம் பொறுக்கிய ஸ்பானிஷில் “க்ளாரோ! செகூரோ!” என்றும் அடித்துச் சொல்கிறார். அவள் நம்பிக் கை காட்டுகிறாள். இரண்டு பஸ் நிற்காமல் பறக்கின்றன. பெஞ்சில் டீயோடு உட்கார்ந்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“அண்ணே, நெஜமா நிக்குமா?”

“ஏசி பஸ்ஸு எங்க சார் இங்க நிக்குது? பாண்டி பஸ் ஸ்டாண்டுலதான் ஏறணும்.”

“அப்புறம் எதுக்கு ரெண்டு பாஷையில நிக்கும்னீங்க?”

“ஆசையா கேக்குது. மூஞ்சில அடிச்சாப்ல இல்லன்னு எப்பிடி சொல்றது? டீ ஆறுது, குடிங்க.”

இதற்குப் பெயர் மரியாதையாம். விமானம் போனால் இவரா டிக்கெட் எடுத்துத் தருவார்?

அடுத்த பஸ் தூரத்தில் தெரிகிறது. அவள் என்னைப் பார்த்து, இதுவாவது நிற்குமா என்கிறாள்.

“நோ. நிற்கவே நிற்காது. டாக்ஸி பிடி” என்று ஆங்கிலத்தில் சொல்கிறேன்.

அவள் உடனே போனை எடுக்கிறாள்.

“பொசுக்குனு சொல்லிட்டீங்களே சார்! பாவம், மூஞ்சே செத்துப்போச்சு” என்று கடைக்காரர் என்மேல் பாய்கிறார்.

டாக்ஸி வந்ததும் அந்தப் பெட்டியை ஓடி வந்து தூக்கி வைப்பவரும் அவர்தான். ஆளை நிம்மதியாகத் திட்டக்கூட முடியவில்லை.