மச்சான் காரோடு ஒட்டிய துணி ரூம்

காரோடு ரூமைக் கட்டினால் அவசரத்துக்கு நகர முடியாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன். யார் கேட்டா?

என் தங்கை புருஷன் கார் கூரைமேல் கூடாரம் மாட்டியிருக்கார். அது போதாதாம். பக்கவாட்டில் ஒரு பந்தல்துணி, அதைச் சுற்றி ஜிப் வைத்த துணி ரூம். இன்று சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் எங்க கார்பார்க் மொட்டைமாடியில் அதைக் கட்டிப் பார்க்க ஒத்திகை. ஊரே திரண்டது.

பக்கத்து வீட்டு ஆண்ட்டி கேட்டார்: "யாருக்குக் கல்யாணம்? புளோக்குக்குக் கீழே காலியா இருக்கிற வாய்ட் டெக்கில் பந்தல் போடுங்க லா!"

மழை பிடித்துக்கொண்டது. தங்கை போன்: "எம்ஆர்டி ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன், கார் கொண்டாங்க."

மச்சான் போனை என்னிடம் நீட்டினார். நான்தான் போனை வாங்கி, "ரூமைக் கழட்ட முடியலம்மா, ஜிப் சிக்கிடுச்சு" என்றேன்.

நனைந்தே வந்தவள் ஜிப்பை ஒரு இழு இழுத்தாள். சர்ரென்று திறந்தது.

சரி, ஜிப் சிக்கியது நான் விட்ட கதை. உள்ளே மழைச் சத்தத்தில் சுகமாகப் படுத்திருந்தேன். நீங்களா இருந்தா எழுந்திருப்பீங்களா?