படலையடி மணி

நேற்று பாரிசின் லாசப்பல் கடைத்தெருவில் என்னைக் கடந்துபோன சைக்கிளின் மணிச்சத்தம், இப்போது காடு மூடிக் கிடக்கும் எங்கள் வன்னிக் குடியேற்றத்துக்கு என்னைக் கொண்டுபோனது. கடல் எட்டாத அந்தப் பதினாறு வீடுகளில் ஒவ்வொரு வாசல் படலையடியிலும் சைக்கிள் மணி அடித்துவிட்டுத்தான் எவரும் போவார்கள். கூச்சத்தில் வாய் திறக்காத நானும் மணியை மட்டும் விடாமல் அடிப்பேன். நான் காய்ச்சலில் படுத்த அன்று, மணியைக் காணவில்லையே என்று மூன்று வீட்டார் கஞ்சியோடு வந்தார்கள்.

புளோரிடாவின் உட்புறத்தில் ஒரு சின்ன ஊருக்குப் புதிதாகக் குடிபோன தங்கை போன கிழமை அழுதிருந்தாள். "அண்ணை, முன்பின் தெரியாததுகள் எல்லாம் காருக்குள்ளை இருந்து கை காட்டுதுகள். பயமாக் கிடக்கு. நான் பாரிசுக்கே திரும்பி வாறன்."

நேற்று அந்த மணி கேட்ட கையோடு அவளுக்குப் போன் எடுத்தேன். "விசரி, அது எங்கடை படலை மணிதானடி. நீயும் கையைக் காட்டு."

இன்று அவளே எடுத்தாள். "காட்டினன் அண்ணை. ஒரு கிழவர் காரை நிப்பாட்டி ஒரு பை தோடம்பழம் தந்திட்டுப் போறார்."

"அப்ப பாரிசுக்கு எப்ப வாறாய்?"

"பழம் முடியட்டும்."