கற்றாழை தின்ற நாய்

தையல்காரம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. மாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில், முன்னறையில் மெஷினும் பின்னறையில் குடித்தனமுமாக இருபது வருடம் ஓட்டிவிட்டாள். மகள் கல்யாணமாகிப் போனபின் துணைக்கு இருந்தது பித்தான் என்கிற நாய்தான். வாசலில் ஆறு தொட்டிகள்; ஆறிலும் சோற்றுக்கற்றாழை. இஸ்திரிப் பெட்டி சுட்டாலும் கற்றாழை, தலை அரித்தாலும் கற்றாழை. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களுக்கும் அளவெடுத்த கையோடு ஒரு மடலை ஒடித்து நீட்டுவாள். தப்பித்துப் போனவர்கள் குறைவு.

மேல் வீட்டில் ஒரு பஸ் டிரைவர். இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர். பித்தான் குரைத்துத் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று இரண்டு தடவை இறங்கி வந்து சொல்லியிருந்தார். இரண்டாவது தடவை குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை காலை பித்தான் சோற்றைத் தொடவில்லை. வயிறு மந்தம் என்று நினைத்து, அவள் ஒரு மடலைத் தோலோடு நறுக்கித் தயிரில் பிசைந்து ஊட்டினாள். மத்தியானம் நாய் வாந்தி எடுத்தது. பேதியும் சேர்ந்துகொண்டது. உடம்புச் சூடுதான் என்று சாயங்காலம் இன்னொரு மடல் கொடுத்தாள். மறுநாள் விடிந்தபோது அது எழுந்து நிற்க முடியாமல் மெஷினுக்கு அடியில் கிடந்தது.

யாரோ எதையோ வைத்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. யார் என்று யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. வேலை முடிந்து வந்த டிரைவரைப் படிக்கட்டில், மூன்று வீட்டுக்காரர்கள் பார்க்க, வழிமறித்தாள்.

"வாயில்லா ஜீவன்கிட்டயா உங்க கோவத்தக் காட்டுவீங்க?"

"நான் எதுவும் வைக்கலம்மா. முதல்ல டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் மேலே போனார்.

கால்நடை டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். தையல்காரம்மா தன் கைவைத்தியத்தைச் சற்றுப் பெருமையாகவே சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"கற்றாழை நாய்க்கு ஆகாதும்மா. தோலுக்கு அடியில மஞ்சளா ஒரு பால் வருதில்ல, அதுதான் இந்த வாந்தி பேதிக்கெல்லாம் காரணம்."

"மனுஷங்களே சாப்பிடறோமே, டாக்டர்?"

"நீங்க தோல் சீவி, கழுவிட்டு சாப்பிடுவீங்க. அப்பவும் நமக்கு ஒத்துக்கிறது நாய்க்கு ஒத்துக்கணும்னு இல்ல."

மந்தம் தானாகவே சரியாகியிருக்கும் என்றும் சொன்னார். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். வியாழக்கிழமை பித்தான் தண்ணீர் குடித்தது, வெள்ளிக்கிழமை நடந்தது. தொட்டிகளை அவள் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டாள். நாய் பிழைத்த சந்தோஷம் இருந்தும் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், அன்று வேடிக்கை பார்த்த மூன்று வீட்டுக் கதவையும் ஒவ்வொன்றாகத் தட்டி, நாய்க்குக் கெடுதல் செய்தது தான்தான் என்று சொன்னாள். கடைசியாக டிரைவர் வீட்டுக்கு ஏறினாள்.

"என் கையாலதான் குடுத்திருக்கேன். உங்கள சொன்னது தப்பு."

"நாய் எந்திரிச்சிடுச்சா?" என்று கேட்டார்.

"நடக்குது."

"சரி," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு மாதம் அவர் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள், தோள் தையல் விட்டுப்போன காக்கிச் சட்டையோடு வாசலில் வந்து நின்றார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு ஊசியில் நூல் கோர்த்தாள். பழைய விஷயத்தை இருவரும் எடுக்கவில்லை. பித்தான் அவருடைய செருப்பை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.